நாட்டு மருந்துக்கு ஏன் போகிறோம்? மெடிக்கலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் மருந்துக்கடையில் நிற்பவனிடம், டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் ஜனங்கள் சொல்வார்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வாங்க வந்தவரின் பையிலேயே சிறுகுறிஞ்சான் பொடியும் இருக்கும். "ஏம்ப்பா, இதுக்கும் அதுக்கும் ஆகுமா?" என்று கேட்பார்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என் வேலை. அங்கே வரும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டரும் இல்லை, வைத்தியரும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

படித்தவர்களே நாட்டு மருந்துக்குப் போகிறார்கள். அறியாமை என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஜான் ஆஸ்டின் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 1998-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாற்று மருத்துவத்தை நாடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் படித்தவர்களாக இருந்தார்கள். உடல்நிலையும் அவர்களுக்கு மோசமாக இருந்தது. நாள்பட்ட வலி, மனப்பதற்றம் போன்ற தொல்லைகள் முன்னால் நின்றன. டாக்டர்மேல் இருந்த வெறுப்பால் போனார்கள் என்ற ஊகம் கணக்கில் நிற்கவில்லை. ஆங்கில மருந்தை ஒதுக்கிவிட்டு மாற்று மருத்துவத்தையே பிரதானமாக நம்பியவர்கள் 4.4 சதவீதம்தான். மற்றவர்கள் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே.

அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியம் கடல் தாண்டி வந்த சங்கதி. நமக்குச் சுக்குக் கஷாயம் வீட்டு அடுப்பில் கொதிப்பது. ஆனால் கடையில் நின்று பார்த்தால் இங்கும் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கேதான். ஓய்வுபெற்ற வாத்தியார், வங்கி ஊழியர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு அப்பாவுக்கு லேகியம் வாங்கி அனுப்பும் பிள்ளை என்று எல்லாரும் இதில் உண்டு.

நம் வட்டாரத்துக்கு இது புதிதும் இல்லை. ஜிப்மர் என்ற மத்திய அரசு ஆஸ்பத்திரியின் தாய்வேரான பிரெஞ்சு மருத்துவப் பள்ளி பாண்டியில் தொடங்கியது 1823-ல். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் தினம் சாப்பிடச் சொன்ன வள்ளலார் இந்தப் பக்கம் மருதூரில் பிறந்ததும் அதே 1823-ல். இரண்டு வைத்தியமும் ஒரே தெருவில் 200 வருடமாகக் குடியிருக்கின்றன.

ஜிப்மர் இவ்வளவு பக்கத்தில், அதுவும் அரசு ஆஸ்பத்திரி. அப்படியிருந்துமா?

ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று எல்லா ஊர் பஸ்ஸும் அங்கே ஆட்களை இறக்கும். வரிசை, ஓ.பி. சீட்டு, மறுபடி வரிசை, ரத்தப் பரிசோதனை, அதற்கொரு வரிசை. டாக்டர் முன்னால் உட்காரும்போது, வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த நாலு கேள்வியில் ஒன்றுதான் வாயில் வரும். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இதில் டாக்டரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அத்தனை கூட்டத்தை அத்தனை பேர் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

வைத்தியர் வீட்டுத் திண்ணையில் நடப்பது வேறு. நாடி பிடிப்பார். பசி எடுக்கிறதா, மலம் இளகிப் போகிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள், மருமகளோடு சண்டையா என்றுகூடக் கேட்பார். கடைசியில் "பித்தம் ஏறியிருக்கு" என்பார். பித்தம் என்றால் என்னவென்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஏதோ தெரியும். "ஆட்டோ இம்யூன்" என்று சொன்னால் தெரியாது. தன் நோய்க்குத் தனக்குப் புரிகிற காரணம் கிடைத்ததுமே பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

அடுத்தது பத்தியம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் என் கணக்கில் இதுதான் பெரிய இழுப்பு. மாத்திரை விழுங்குகிறவருக்கு வேறு வேலை இல்லை. கத்தரிக்காய் ஆகாது, புளி குறை, கருவாடு தொடாதே என்றால் அவருக்கும் வேலை இருக்கிறது, சமைக்கிறவருக்கும் வேலை இருக்கிறது. வீடே வைத்தியத்தில் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்று: விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று வளர்ந்தவர்கள் நாம். சுகருக்கும் பிபிக்கும் சாகும்வரை மாத்திரை என்று டாக்டர் சொல்லும்போது, அது வைத்தியம் மாதிரியே தோன்றுவதில்லை, தண்டனை மாதிரி தோன்றுகிறது. "ஒரு மண்டலம் சாப்பிடுங்க, வேரோட போயிடும்" என்று ஒருவர் சொன்னால் காது அங்கேதான் போகும்.

வெட்கமும் உண்டு. மூலம், வெள்ளைப்படுதல், ஆண்மைக்குறைவு, குழந்தை இல்லாதது. பத்து பேர் நிற்கும் ஓ.பி. அறையில் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு வரும்? சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் பண்ணுவது சுலபம்.

மலிவு என்பதால் போகவில்லையா?

சில நேரம். பல நேரம் தலைகீழ். அரசு ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை சும்மா கிடைக்கிறது. லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு தடவை முகாம் போடும் வைத்தியர் கொடுக்கும் பாக்கெட் ஆயிரக்கணக்கில். கடன் வாங்கிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குணமாகிறதே! என் அக்கா மகனுக்கு மஞ்சள் காமாலை கீழாநெல்லியில்தான் போயிற்று.

போயிருக்கும், நம்புகிறேன். காமாலை போனது கீழாநெல்லியாலா என்பதுதான் கேள்வி. நம் பக்கம் தண்ணீராலும் உணவாலும் வருகிற காமாலைகள், ஏ வகையும் ஈ வகையும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். எண்ணெய் இல்லாத சாப்பாடு, ஓய்வு, ஏதோ ஒரு பச்சிலை என்றிருந்தால், இறங்கும்போது பெயர் பச்சிலைக்குப் போகும். மோர் மட்டும் குடித்திருந்தால் பெயர் மோருக்குப் போயிருக்கும்.

பி வகை வேறு, அது சிலருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். சென்னை ஆய்வாளர்கள் அதற்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள்: மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் காணாமல் போனது, மருந்துச் சரக்கே இல்லாத வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியின் மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் கதை இவ்வளவுதான். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஈ வகை அவர்கள் உயிரையே எடுக்கும்.

மூட்டுவலி, தலைவலி, அரிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் ஏறி இறங்கும் நோய்கள். தாங்க முடியாத அன்றுதான் நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சிக்கு ஏறியது அடுத்து இறங்கத்தானே செய்யும்? இறங்கும் நாளில் கையில் யார் மருந்து இருந்ததோ அவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். இது டாக்டர்களுக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா?

பிரமை என்று சொன்னால் தப்பு. 2008-ல் ஹார்வர்டைச் சேர்ந்த கேப்சக் குழுவினர் 262 பேரை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் குடல் எரிச்சல் நோய், அடிக்கடி வயிற்றுவலி, பேதி அல்லது மலச்சிக்கல். ஒரு கூட்டத்துக்கு எதுவும் தரவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு தோலில் இறங்காத பொய் ஊசி வைத்து அக்குபங்சர் போல நடித்தார்கள். பேச்சு மிகக் குறைவு. மூன்றாவது கூட்டத்துக்கு அதே பொய் ஊசி, ஆனால் முதல் நாளே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கனிவாகப் பேசிக் கேட்டார்கள். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் என்று சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம்.

ஊசி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். 44-ஐ 62 ஆக்கியது பேச்சு. வைத்தியரின் திண்ணையில் கிடைப்பதில் ஒரு பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். வலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மைக்கு அது நிஜமான நிவாரணம். புற்றுக்கட்டியைப் பேச்சு கரைக்காது.

மூலிகைக்குள் மருந்தே இல்லையா?

ஏன் இல்லை? உங்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கும் இருமல் மருந்தில் ப்ரோம்ஹெக்ஸின், அம்ப்ராக்ஸால் என்று இருக்கும். இரண்டுக்கும் மூலம் ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின். சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பின் பல வருடம் ரத்தக்கொதிப்புக்கு மருந்தாக ஓடியது. பழைய சீன வைத்திய நூலில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்ட து யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து இருக்கிறது என்றால் அளவும் இருக்கிறது, கெடுதலும் இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் கேட்க விரும்புவதில்லை.

நாட்டு மருந்தில் பக்கவிளைவு இல்லை என்கிறார்களே?

பலன் உள்ள பொருளுக்குப் பக்கவிளைவு இல்லாமல் இருக்காது. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக எடுத்தால் பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதித்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள்; ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, வாக்குவாதம் நடந்தது. ஏற்கெனவே ஈரல் கோளாறு உள்ளவர் அந்த வாக்குவாதம் முடியும்வரை சீந்திலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உலோகம், தாதுக்களை நெருப்பில் புடம் போட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் தனிக் கதை. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. இது 2004-ல் வந்த ஆய்வு. சரியான முறையில் புடம் போட்டால் விஷம் முறியும் என்பது சித்த மருத்துவர்களின் வாதம். சரியாகப் போட்டார்களா என்று பாக்கெட்டைப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

நான் அதிகம் பயப்படுவது பெயர் இல்லாத பொடிக்கு. மூட்டுவலி இரண்டே நாளில் மாயமாய்ப் போய், நன்றாகப் பசித்து, கொஞ்ச நாளில் முகம் உப்பிக்கொண்டு வந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஆகவே பொடியோடு டாக்டரிடம் போங்கள்.

அரசே நிலவேம்பு கொடுத்ததே?

கொடுத்தது. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் ஊற்றினார்கள். நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் என்று ஒன்பது சரக்கு அதில். 2020-ல் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர். ஒரு டம்ளர் குடித்தால் பாதகமில்லை. குடித்துவிட்டோம் என்ற தெம்பில் மற்றதைக் கோட்டைவிடுவதுதான் பாதகம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிறுகுறிஞ்சான் சாப்பிட்டுக்கொண்டே சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சற்று நேரம் சர்க்கரை நாக்கில் மண் மாதிரி இருக்கும், அது உண்மை. நாக்குக்கு இனிப்புத் தெரியாமல் போவது வேறு, ரத்தத்தில் குறைவது வேறு. ரத்தத்திலும் அது கொஞ்சம் குறைக்கலாம். அதனால்தான் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு சேர்த்தால் சுகர் ரொம்பவும் இறங்கி வியர்த்து மயங்கும் ஆபத்தும் உண்டு. எடுத்தே தீருவேன் என்றால் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அடிக்கடி சோதித்துப் பாருங்கள். சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடும் பிள்ளைக்கு அதை நிறுத்துவது கொலைக்குச் சமம். நாள் கணக்கில் உயிர் போய்விடும்.

எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு?

ஆந்திரத்துப் புத்தூரின் பெயர் போட்ட போர்டு நம் ஊர்ச் சாலைகளில் நிறைய. முதலில் எக்ஸ்ரே எடுங்கள். கட்டிய பிறகு விரல் நீலமாகி, மரத்து, வலி கூடிக்கொண்டே போனால் அந்த ராத்திரியே அவிழ்க்க வேண்டும். விட்டால் கையே போய்விடும்.

ஹோமியோபதி?

ஹானிமன் என்ற ஜெர்மானியர் 1796-ல் தொடங்கியது. 30சி என்று போட்டிருந்தால் நூறு மடங்காக முப்பது தடவை நீர்த்தது என்று பொருள்; ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர். மூலப்பொருளின் ஓர் அணுகூட மிஞ்சாது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிய ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, எந்த நோய்க்கும் அது பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2015-ல் சொல்லிவிட்டது. ஹோமியோ மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். மேலே சொன்ன 62 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

யோகா?

தாராளமாக. ஜிப்மருக்குள்ளேயே யோகா சிகிச்சை மையம் இருக்கிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன் யோகா, உடற்பயிற்சி, அக்குபங்சர் போன்றவற்றை முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கமே 2017-ல் வழிகாட்டியது. கழுத்துத் தேய்மானம் உள்ளவர் சிரசாசனம் போடாமல் இருந்தால் சரி.

வேண்டுதல், வேப்பிலை இதெல்லாம்?

திருவந்திபுரம் ஔஷதகிரி, அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது விழுந்த துண்டு என்பார்கள். தோல் வியாதிக்காரர்கள் அங்கே சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் போடுகிறார்கள். இன்னும் தெற்கே வைத்தீஸ்வரன்கோயில். போய் வாருங்கள், நானும் போவேன். அம்மை விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். சின்னம்மை பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வந்தால் நுரையீரல்வரை போகலாம். அதற்கு மருந்து உண்டு, கொப்புளம் வந்த முதல் நாளே தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

புற்றுநோய் என்றதும் பாதிப் பேர் வைத்தியரைத் தேடி ஓடுகிறார்களே?

பயம்தான். முடி கொட்டும், மார்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். "கத்தி வச்சா பரவிடும்" என்று சொல்ல ஒரு பெரியப்பா எல்லா வீட்டிலும் இருக்கிறார். பரவிவிடும் என்பது வீண் பேச்சு. 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வில், பரவாத நிலையிலேயே கண்டுபிடித்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். சாவு அபாயம் இரண்டரை மடங்கு; மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். காலத்தே வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் என்பதால் இந்தக் கணக்கு கூடுதலாக வலிக்கிறது.

உறவுக்காரர் இப்படிப் போகிறார் என்றால் திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துச் சாப்பிடுவார். "கீமோவும் போடு, அத்தை சொன்ன கஞ்சியையும் குடி" என்று சொல்லிப் பாருங்கள். ஜிப்மரிலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கூட யாராவது போய் வரிசையில் நின்றால் போதும், பாதிப் பேர் சிகிச்சைக்கு வந்துவிடுவார்கள்.

நல்ல வைத்தியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்தா என்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டம், ஐந்தரை வருடப் படிப்பு. பதிவு எண் கேளுங்கள், முறையாகப் படித்தவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே போனால் இந்தத் தேடலே வேண்டாம். பரம்பரை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வைத்தியம் பார்க்கச் சட்டம் இடம் தராது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

சுகர், புற்றுநோய் போன்ற 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். சுவரொட்டியில் "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று போட்டிருப்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறியிருக்கிறார். பாக்கெட்டில் சரக்குகளின் பெயர், தயாரிப்பு உரிம எண், தேதி இல்லையென்றால் வாங்காதீர்கள்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

சிலர் திட்டுவார்கள், மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1990-ல் நடந்த கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவர் ஏதாவது மாற்று வைத்தியம் செய்திருந்தார். அவர்களில் 72 சதவீதம் பேர் டாக்டரிடம் மூச்சு விடவில்லை. இங்கே விசாரித்தால் இன்னும் கூடும் என்பது என் ஊகம். நாட்டு மருந்துக்குப் போவதைவிட ஒளிப்பதுதான் பெரிய ஆபத்து. ஈரல் பரிசோதனை ஏன் கெட்டது, பிபி ஏன் அடங்கவில்லை என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டுவார். காரணம் உங்கள் சமையலறை அலமாரியில் டப்பாவில் இருக்கும்.

"சாப்பிடலாமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கொடுப்பதோடு மோதுமா?" என்று கேளுங்கள். ஆபரேஷன் என்றால் தேதி குறிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பூண்டு மாத்திரைகூட ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் பாக்கெட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டு எழுதும்போது மேசையில் நீட்டுங்கள். பெயரே இல்லாத பொடியா? அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போங்கள்.